முந்தாதவள்

பின்னால் அந்த மூச்சு வந்துகொண்டேதான் இருந்தது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டி, ரைஸ் மில்லைத் தாண்டி, தார் ரோடு முடிந்து கண்மாய்ப் பக்கம் திரும்புகிற செம்மண் பாதை வந்தும் விட்டபாடில்லை. ஸ்... ஹா, ஸ்... ஹா என்று, காளீஸ்வரியின் வலது தோளுக்குப் பின்னால், கையை நீட்டினால் சடையைப் பிடித்துவிடலாம் என்கிற தூரத்தில். திரும்பிப் பார்க்கக் கூடாது. ஓடுகிறவள் திரும்பினால் பயந்துவிட்டாள் என்று பின்னால் வருகிறவளுக்குத் தெரிந்துபோகும் என்பது பி.டி. டீச்சர் எஸ்தர் மிஸ் முதல் நாளே மண்டையில் ஏற்றிய பாடம். திரும்பத் தேவையும் இல்லை, யாரென்று தெரியும். பாண்டிமீனாதான், வேறு யார். ப்ளஸ் ஒன் படிக்கிற, ஒல்லிக்குச்சியான, எதற்கெடுத்தாலும் அக்கா அக்கா என்று கையைப் பிடித்துக்கொள்கிற பாண்டிமீனா. வேற்றுப் பள்ளிக்கூடத்துக்காரி என்றால்கூடப் பரவாயில்லை, எதிரி எதிரியாக வந்துவிட்டுப் போகிறாள். இவள் சொந்த டீம். ஒரே நீலச் சட்டை, ஒரே தண்ணீர்க் கேன், போன மாதம்வரை ஒரே டிபன் டப்பா. இந்த சீசன் தொடங்கியதிலிருந்து எத்தனை கிராஸ் கன்ட்ரி ஓடியாயிற்று! குறுவட்டத்தில் ஓடினார்கள், மாவட்டத்தில் ஓடினார்கள், கொட்டுகிற மழையில் சேறு மிதித்து இன்னொரு ஊரில் ஓடினார்கள். எல்லாவற்றிலும் ஒரே கதைதான்: காளீஸ்வரி முதலாவது, பாண்டிமீனா அவள் முதுகோடு ஒட்டி இரண்டாவது. முந்த முடியாதவள் என்றால் மூச்சு வாங்கிப் பின்தங்க வேண்டும். முந்த முடிந்தவள் என்றால் முந்தித் தொலைக்க வேண்டும். ரெண்டும் இல்லாமல் இப்படி ஒட்டிக்கொண்டே வந்தால் ஒரு மனுஷி என்னதான் நினைப்பாள்?

என்னென்னவோ நினைத்தாள். நினைப்பதற்குக் காசா பணமா? கால் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, வலது பக்க விலாவில் ஒரு பிடிப்பு வருவேன் வருவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தது, மனசு மட்டும் செக்கில் கட்டின மாடாக அந்த மூச்சையே சுற்றிச் சுற்றி வந்தது. இன்றைக்கு மண்டலப் போட்டி. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆறு பேர் ஓடுவார்கள். அதில் முன்னால் வருகிற நாலு பேர் எத்தனையாவதாக வந்தார்களோ அதைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எவருக்குக் குறைவோ அவர்களுக்கு ஜெயம். ஜெயித்த டீம் மொத்தமாக மாநிலப் போட்டிக்குப் போகும். டீம் தோற்றாலும் முதலாவதாக வந்த ஒருத்தி மட்டும் போகலாம். மாநிலத்தில் ஓடினாள் என்று ஒரு சான்றிதழ் இருந்தால் போதும், மதுரையில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட்டு, தங்குவதற்கு ஹாஸ்டல், மூணு வேளைச் சாப்பாடு. இல்லாவிட்டால் பரீட்சை முடிந்த கையோடு மில் வேன். விடியுமுன்னே தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கிற அந்த வேனில்தான் காளீஸ்வரியின் அக்கா ரெண்டு வருஷமாக இருமிக்கொண்டே ஏறுகிறாள். சூப்பர்வைசரிடம் அம்மா பேசியும் வைத்துவிட்டாள், "சின்னவளும் நல்ல திடமா இருப்பா சார்" என்று. ப்ளஸ் டூ படிக்கிறவளுக்கு இதுதான் கடைசி சீசன். பாண்டிமீனாவுக்கு அடுத்த வருஷமும் இருக்கிறது. ஆனால் அடுத்த வருஷம் இருக்கிறவளெல்லாம் இந்த வருஷத்தை விட்டுக்கொடுத்துவிடுவாளா? அப்படி விட்டுக்கொடுத்த ஆளை ஊரில் எவளாவது பார்த்திருக்கிறாளா? சேர்த்து வைத்திருக்கிறாள். சீசன் முழுக்க என் முதுகில் சவாரி செய்து, எதிர்க்காற்றை என்னை வாங்க விட்டு, தெம்பையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறாள். கடைசிக் கண்மாய்க் கரையில் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து போய்விடுவாள், நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். அப்படித்தான், வேறென்ன.

அத்தாட்சி இல்லாமலா சொல்கிறாள்? மாவட்டப் போட்டிக்கு ரெண்டு நாள் முன்னால் எஸ்தர் மிஸ்ஸும் அவளும் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேசிக்கொண்டு நின்றார்கள். மீனா மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு "வேணாம் மிஸ், காளியக்காவுக்கு மட்டும் சொல்லாதீங்க மிஸ்" என்று கெஞ்சியது இவள் காதில் தெளிவாக விழுந்தது. இவள் தலையைக் கண்டதும் ரெண்டு பேர் வாயும் கப்பென்று மூடிக்கொண்டது. மிஸ் உடனே வானத்தைப் பார்த்து "மழை வருமாடி?" என்றாள். மேகம் ஒரு துண்டுகூடக் கிடையாது. அப்புறம் அந்த ரிப்பன். எல்லாரும் பள்ளிக்கூட நீல ரிப்பன் கட்டியிருக்க, இவளுக்கு மட்டும் பளிச்சென்று ஒரு சிவப்பு ரிப்பன், திருவிழாக் கடையில் வாங்கியதாம், "நீ இதத்தான்க்கா கட்டணும், உனக்கு அம்புட்டு அழகா இருக்கு" என்று ஒவ்வொரு போட்டிக்கும் மீனா தானே வந்து சடையில் சுற்றிவிடுவாள். முதலில் குளிர்ந்துதான் போனாள் காளீஸ்வரி, சும்மா சொல்லக்கூடாது. அப்புறம் ஒருநாள், டீமில் ஓடுகிற ஒருத்தி "என்னத்துக்கோ கட்டி விடுறா" என்று சிரித்தாளோ இல்லையோ, அன்றைக்கு ராத்திரி பாய் கொள்ளவில்லை. மந்திரிச்ச ரிப்பனாக இருக்குமோ? ஒன்பதாம் வகுப்பில் அறிவியலில் தொண்ணூறு வாங்கினவள்தான், இருந்தாலும் மறுநாள் அதை உப்புத் தண்ணீரில் அலசிக் காயப்போட்டாள். அம்மா கேட்டதற்கு "அழுக்கு" என்றாள். கட்டாமலும் இருக்க முடியவில்லை, கட்டித்தான் இதுவரை ஜெயித்திருக்கிறாள். இது எல்லாவற்றுக்கும் மேலே நேற்றுச் சாயங்காலம். போட்டிக்கு முந்தின நாள் எல்லா டீமும் பாதையை ஒருதரம் நடந்து பார்ப்பது வழக்கம், எங்கே பள்ளம், எங்கே முள், எந்தத் திருப்பத்தில் கொடி என்று. மற்றவர்கள் கொடியைப் பார்த்தார்கள், சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார்கள். இந்தப் பாண்டிமீனா ஒன்றையும் பார்க்கவில்லை. காளீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு கதை பேசிக்கொண்டே வந்தாள். "உனக்கு வழி நல்லா மனசுல பதிஞ்சிருச்சுல்லக்கா?" என்று மட்டும் மூணு தரம் கேட்டாள். எனக்குப் பதிந்தால் என்ன, பதியாவிட்டால் உனக்கு என்ன? எதற்குடி கேட்கிறாய்?

செங்கல் சூளை வந்துவிட்டது. சூளைப் புகை ஈரவைக்கோல் வாசத்தோடு பாதையில் படுத்துக் கிடந்தது, உள்ளே இழுத்ததும் தொண்டை கரகரத்தது. பின்னாலிருந்தும் ஒரு இருமல். இருமட்டும், நல்லா இருமட்டும். சூளைக்கு அந்தப் பக்கம் பாதை ரெண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் கண்மாய்க் கரைக்கு ஏறுகிறது, இடது பக்கம் கருவேலங்காட்டுக்குள் நுழைந்து வாய்க்காலுக்கு இறங்குகிறது. வலது பக்கம்தான் போட்டிப் பாதை, அதைக் காட்டக் கொடி நட்டிருந்தார்கள். "கொடிக்கு வெளியே கால் வச்சா ஓடுனது செல்லாது, சொல்லிட்டேன்" என்று காலையில் போட்டி நடத்துகிற விசில்காரர் மைக்கில் கத்தியது இன்னும் காதில் இருந்தது. நேற்று நடந்து பார்த்தபோது காளீஸ்வரி இன்னொன்றும் பார்த்து வைத்திருந்தாள். இடதுபாதையில் கொஞ்ச தூரம் போனதும் கருவேலம் புதர்களுக்கு நடுவே ஆடு நுழைகிற சந்து ஒன்று இருக்கிறது, அதில் குனிந்து நுழைந்தால் திரும்ப வலதுபாதைக்கே வந்துவிடலாம். எதற்குப் பார்த்து வைத்தாள்? சத்தியமாக எதற்கும் இல்லை, கண்ணில் பட்டது. பட்டதை மனசு எடுத்து முடிந்து வைத்துக்கொண்டது. இப்போது அந்த முடிச்சு தானாக அவிழ்ந்தது. கொடிக்குக் காவலாக நிற்கவேண்டிய ஆள் தூரத்துப் புங்கமர நிழலில் போனை நோண்டிக்கொண்டிருந்தார். மூன்றாவதாக வருகிற பச்சைச் சட்டைக்காரி இன்னும் சூளையே தாண்டவில்லை. ஒரு சோதனை. ஒரே ஒரு சோதனைதான். நான் இடது பக்கம் போனால் இவள் என்ன செய்கிறாள் பார்ப்போம். வலது பக்கம் கொடி இருக்கிறது, அவளுக்கும் கண் இருக்கிறது, நேராகத் தன் வழியில் போகட்டுமே. போனால் அவள் யோக்கியம். போகாமல் தடுமாறினால் நாலு எட்டு பின்தங்குவாள், அதுவும் நல்லதுதான். இப்படி ரெண்டு பக்கமும் தனக்கே நியாயம் வைத்துக்கொண்டு, கொடியின் இடது பக்கமாகத் திரும்பினாள் காளீஸ்வரி. மூச்சும் கூடவே திரும்பியது. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை! எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். நரகத்துக்குப் போனாலும் கூடவே வருவாளோ இந்தச் சனியன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சந்து வந்ததும் சட்டென்று குனிந்து உள்ளே பாய்ந்தாள். முள் தோளைக் கீறியது, ரிப்பன் எதிலோ மாட்டி விடுபட்டது, மறுபக்கம் வலதுபாதையில் கால் பட்டது. மூச்சு இல்லை.

மூச்சு இல்லை! காதில் தன்னுடைய மூச்சும், செருப்பில்லாத பாதத்தில் மண் படுகிற சத்தமும், எங்கோ ஒரு செம்போத்து கத்துவதும்தான். விட்டது சனி என்று நெஞ்சு குதித்தது. பத்து எட்டுகூடப் போயிருக்க மாட்டாள், புதருக்கு அந்தப் பக்கமிருந்து "அக்கா" என்று ஒரு குரல். "அக்கா... காளியக்கா!" ஆஹா, ஆரம்பித்துவிட்டாள். திரும்பிப் பார்க்க வைக்கிறாள். திரும்பினால் வேகம் குறையும் என்று அவளுக்கும் தெரியும், ஒரே மிஸ்ஸிடம்தானே ரெண்டு பேரும் படித்தோம். "எங்கக்கா இருக்க?" எங்கே இருக்கிறேன் என்று சொன்னால் எவ்வளவு தூரம் முன்னால் போய்விட்டேன் என்று கணக்குப் போட்டுக்கொள்வாய், அதானே? நான் என்ன பால்குடிக்கிற பிள்ளையா? கண்மாய்க் கரை ஏற்றம் ஏறினாள். "அக்காவ்..." இப்போது குரல் கீழே வாய்க்கால் பக்கமிருந்து, கொஞ்சம் உடைந்து வந்தது. அழுகிறாளா? நடிப்பு. வகுப்பில் நாடகம் போட்டபோது எப்படி அழுதாள், டீச்சரே கண்ணைத் துடைக்கவில்லையா? ஆனால் அந்த நாடகத்தில் அழுதது பாண்டிமீனாவா வேறொருத்தியா? நினைவு வரவில்லை. வேறொருத்தி மாதிரியும் இருந்தது. கரைமேல் காற்று அப்படியே அள்ளிக்கொண்டு போனது, கண்மாயில் பாதித் தண்ணீர் வெயிலில் கண்ணைக் குத்தியது, முன்னால் ஆள் இல்லை, பின்னால் ஆள் இல்லை. இதற்குத்தானே ஆசைப்பட்டாள்? இருந்தும் என்னவோ போலிருந்தது. அந்த ஸ்... ஹா இல்லாமல் தன் கால் எந்தத் தாளத்துக்கு விழுவது என்றே தெரியாமல் குழறியது. வழக்கமாக இந்த நேரத்துக்கு விலாப் பிடிப்பு வந்தால் பின்னாலிருந்து "மூச்ச வாயால விடுக்கா" என்று ஒரு சொல் வரும். அதையும் இவள் சந்தேகப்பட்டிருக்கிறாள், என் மூச்சைக் குலைக்கத்தான் சொல்கிறாள் என்று. வாயால் விட்டால் பிடிப்பு விட்டுத்தான் போகும், அதுவேறு. ஏன் இன்னும் வரவில்லை? மறைந்து வருகிறாளா? கரைக்குக் கீழாகவே ஓடிவந்து முன்னால் ஏறப்போகிறாளா? கடைசியில் திரும்பியே பார்த்துவிட்டாள். கரை நெடுக வெறும் வெயில்தான். ரொம்பத் தூரத்தில் பச்சைச் சட்டை ஒன்று ஆடிக்கொண்டு வந்தது. நீலத்தைக் காணவில்லை.

முதலாவதாக வந்தாள். கயிறு கட்டின சந்துக்குள் ஓடிப்போய் நின்றதும் ஒருவர் கையில் ஒன்று என்று எழுதிய அட்டையைத் திணித்தார். விசில்காரர் "சபாஷ்மா" என்று முதுகில் தட்டினார். மாநிலம், மதுரை, ஹாஸ்டல், அந்த வேன் ஹாரன் அடித்துவிட்டு ஆள் இல்லாமல் போகிறது, எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்தது. ஆனால் கண் என்னவோ கிரவுண்டு வாசலைவிட்டு நகரவில்லை. பச்சை வந்தது. இன்னொரு பச்சை. அப்புறம் ஒரு நீலம், பாண்டிமீனா இல்லை. இன்னும் ரெண்டு பச்சை. அவர்களுக்கு நாலு பேர் முடிந்தாயிற்று, குதிக்கிறார்கள், ஒருத்தி ஒருத்தியைத் தூக்குகிறாள். எஸ்தர் மிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், முகமெல்லாம் வேர்வை. "மீனா எங்கடி?" என்றாள். தெரியாது மிஸ் என்றாள் காளீஸ்வரி. "தெரியாதுன்னா? உன் பின்னாலதான வருவா?" "பாதியில விட்டுட்டா போல மிஸ்." "விட மாட்டாடி. அவளுக்குத் தூரத்துல இருக்குறது எதுவும் தெரியாது. கொடியும் தெரியாது, கோடும் தெரியாது. உன் தலையில இருக்குற அந்தச் செவப்பு ரிப்பனப் பாத்துத்தான் ஓடுறா, அதுக்குத்தான் அவளே வாங்கிக் கட்டிவிட்டா. ரிப்பன் மறஞ்சா அவளுக்கு எல்லாம் ஒரே கலங்கல்தான்." மிஸ் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள், வாசலைப் பார்த்துக்கொண்டு, தன்னையே திட்டிக்கொள்கிற மாதிரி. கண்ணாடி போட்டால் டீமில் சேர்க்க மாட்டார்கள் என்று எந்தக் கழுதையோ சொல்லி வைத்திருக்கிறதாம், சீசன் முடியட்டும் மிஸ் போட்டுக்கிறேன் மிஸ் என்று காலில் விழாத குறையாம். "உங்கிட்டயாவது சொல்லித் தொலைடின்னேன். கேட்டாத்தான? சொன்னா காளியக்கா எனக்காக மெதுவா ஓடும் மிஸ், அக்கா மதுரைக்குப் போகணும் மிஸ், அப்படின்னுட்டா. உனக்காவது தெரிஞ்சிருக்கும்னு நான்..." மிஸ் பாதியில் நிறுத்திவிட்டு இவள் முகத்தைப் பார்த்தாள். முந்தினால் மீனாவுக்கு வழி தெரியாது. அதற்குத்தான் முந்தவில்லை. அவ்வளவுதானா? சீசன் பூராவும் தூக்கத்தைத் தின்ற விஷயம் அவ்வளவுதானா? என்னைவிட வேகமாக ஓடக்கூடியவள், என் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே என் வேகத்துக்கு ஓடியிருக்கிறாள். அவளைத்தான் நான் வாய்க்கால் பக்கம் இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய். மடை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தால்? ஓடிப்போய்த் தேடவேண்டும் என்று கால் பரபரத்தது, ஆனால் நகரவில்லை. எங்கே என்று இவள் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

ரொம்ப நேரம் கழித்து வந்தாள் பாண்டிமீனா. கயிற்றை அவிழ்த்துச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்கள். கிரவுண்டு வாசலில் தூணைத் தொட்டுக்கொண்டு ஒரு நொடி நின்றாள், சத்தம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் பார்த்து ஓடிவந்தாள். இடுப்புவரை சேறு, காலெல்லாம் முள் கிழித்த கோடு கோடாக ரத்தம். நீலச் சட்டைகள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து, மிஸ்ஸின் சேலை நிறத்தை வைத்து அடையாளம் கண்டு, அவள் கையைப் பிடித்தாள். காளீஸ்வரி நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள், கையில் அந்த அட்டை. "மிஸ், காளியக்கா வந்துருச்சா?" என்றாள் மீனா. மூச்சு அதே மூச்சுதான், ஆனால் தாறுமாறாக. "வாய்க்கால்ல விழுந்துருச்சு மிஸ் அது. எனக்கு முன்னாலதான் போச்சு, திடீர்னு காணோம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், சத்தமே இல்ல. தண்ணிக்குள்ள எறங்கித் தேடுனேன் மிஸ், முள்ளுக்குள்ள எல்லாம் பாத்தேன். யாரையாச்சும் அனுப்புங்க மிஸ், எனக்குச் சரியா தெரியாது, கண்ணு தெரிஞ்சவங்க யாரையாச்சும் அனுப்புங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள். கயிறு சுருட்டிக்கொண்டிருந்த விசில்காரர் திரும்பினார். "வாய்க்கால் பக்கம் எதுக்கும்மா போனீங்க? கொடி வலது பக்கம்தான இருந்துச்சு?" என்றார். எல்லார் கண்ணும் காளீஸ்வரி பக்கம் திரும்பியது, மீனாவின் கண்ணைத் தவிர. அது வேறெங்கோ கூட்டத்தில் துழாவிக்கொண்டிருந்தது. அப்போதும் பாருங்கள், அந்த நொடியிலும், வேண்டுமென்றே விசில்காரர் முன்னால் வைத்துக் கேட்கிறாளோ என்று ஒரு நினைப்பு தலையைத் தூக்கியது. தன் மனசை நினைத்துக் காளீஸ்வரிக்கே அருவருப்பாக இருந்தது. வழுக்கிவிட்டது என்று சொல்லலாம். கால் வழுக்கி, வழி மாறி, எப்படியோ எழுந்து வந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவதற்கு ஒருத்தி அழுதுகொண்டே நின்றுகொண்டிருக்கிறாள். சும்மா இருந்தால்கூடப் போதும். எழுந்தாள்.

"இந்தா இருக்கேன்டி," என்றாள்.

குரல் வந்த பக்கம் மீனா அப்படியே பாய்ந்தாள். தோளைப் பிடித்தாள், கன்னத்தைப் பிடித்தாள், அழுகையும் சிரிப்புமாக "அக்கா! வந்துட்டியாக்கா! எங்கக்கா விழுந்த, அடி கிடி பட்டுருச்சா?" என்றாள். "நான் விழுகலடி," என்றாள் காளீஸ்வரி, விசில்காரருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே. "உன்னையக் கழட்டி விடத்தான் கொடிக்கு அந்தப் பக்கம் ஓடுனேன். புதருக்குள்ள புகுந்து இந்தப் பக்கம் வந்துட்டேன். நீ கூப்பிட்டது கேட்டுச்சு." எஸ்தர் மிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். விசில்காரர் சுருட்டின கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, அட்டைக்காகக் கையை நீட்டினார். இது எதையும் பாண்டிமீனா காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. குனிந்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், காளீஸ்வரியின் முழங்காலைத் தடவித் தடவிக் காயம் தேடிக்கொண்டிருந்தாள்.